அட்டையின் இடது ஓரம்

எங்கள் அலுவலகத்துக்கு அந்த எந்திரம் வந்தது 1977-ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு புதன்கிழமை. தேதியையும் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் என் டைரிகளின் வலது மேல் மூலையை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. நான் தேதி எழுதுவது அந்த மூலையில்தான். உள்ளே எழுதிய எதுவும் பூச்சிக்குப் பிடிக்கவில்லை, தேதிகள் மட்டும் பிடித்திருக்கின்றன. ஆகவே இதில் வருஷம், மாதம், கிழமை உண்டு, தேதி கிடையாது. தேதி இல்லாமல் எழுதுவது எனக்குச் சட்டை போடாமல் கடைத்தெருவில் நிற்பது மாதிரி. பொறுத்துக்கொள்ளவும்.

அலுவலகம் சத்துவாச்சாரியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தது. என்ன துறை என்று எழுதப்போவதில்லை. இப்போது அது இல்லை. வேறொன்றோடு சேர்த்துக் கரைத்துவிட்டார்கள். தோல் தொழில் நடக்கும் ஊர்களிலும் சுற்றுப்புறத்திலும் வேலை தேடுகிறவர்களின் பெயர்களைப் பதிந்து வைப்போம். ஏதாவது அரசு அலுவலகம் ஆள் கேட்டால், தகுதி உள்ளவர்களைப் பட்டியல் போட்டு அனுப்புவோம். அவ்வளவுதான் வேலை. நான் அங்கே இளநிலை உதவியாளர்.

சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் புதிய எந்திரம் வந்துவிட்டதாம். பழையதை என்ன செய்வது என்று யோசித்து, எங்களை நவீனப்படுத்த முடிவு செய்தார்கள். லாரியில் இருந்து இறங்கியது, படுக்கவைத்த இரும்பு பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. வாசற்கதவு போதவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து அந்த வழியாக உள்ளே தள்ளினார்கள். சன்னலைத் திரும்பப் பொருத்துவதற்கு அனுமதி கேட்டு எழுதினோம். அனுமதி வரும்வரை இருக்கட்டும் என்று அங்கே ஒரு பலகையை அடித்தார்கள். நான் அந்த அலுவலகத்தை விட்டு மாறிப்போகும்போதும் அந்தப் பலகைதான் இருந்தது.

மறுவாரமே வாசலில் 'கம்ப்யூட்டர் பிரிவு' என்று பெயர்ப்பலகை ஏறியது. அது கம்ப்யூட்டர் இல்லை. நூலகத்தில் இரண்டு மூன்று புத்தகங்கள் எடுத்துப் படித்திருந்ததால் எனக்கு இது தெரியும். துளை போட்ட அட்டைகளை, துளை இருக்கும் இடத்தைப் பார்த்துத் தனித்தனிப் பெட்டியில் போடுகிற எந்திரம் அது. கூட்டல்கூடத் தெரியாது, விழுந்த அட்டைகளை எண்ண மட்டும் ஒரு சின்ன எண்ணி உண்டு. இதை எங்கள் அதிகாரியிடம் பணிவாகச் சொன்னேன்.

"ஹெட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்னு எழுதி அனுப்பியிருக்காங்க. இல்லேங்கிறதுக்கு நீங்க யாரு?" என்றார்.

அதற்குப் பிறகு நானும் கம்ப்யூட்டர் என்றே எழுதினேன்.

அந்த அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். தூசு ஆகாது என்று உத்தரவு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பதனிட்டுச் செருப்பும் ஷூவும் செய்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற சீமை இது. அந்தச் சீமையில் வேலை கேட்டு வருகிறவர்கள் வெறுங்காலோடு நிற்பார்கள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்து, பஸ்ஸில் போகிறவர்கள் யார் வீட்டுத் துக்கமோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

எந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையில் இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகத் துளைகள். ஒரு வரிசை ஆணா பெண்ணா என்று சொல்லும். அடுத்தது படிப்பு. அதற்கும் அடுத்தது தொழில். அதற்கும் அப்பால் வெளியூர் போகச் சம்மதமா என்பது. ஆண் என்றால் 1, பெண் என்றால் 2. படிப்பில் எட்டாம் வகுப்பு 2, பத்து தேறியிருந்தால் 3. எந்த வரிசையைப் பார்க்க வேண்டும் என்று ஆபரேட்டர் ஒரு கைப்பிடியைச் சுற்றி வைப்பார். அட்டைகள் சடசடவென்று ஓடி, 1 என்றால் முதல் பெட்டியிலும் 2 என்றால் இரண்டாம் பெட்டியிலும் விழும். விழுந்தவற்றை எடுத்து அடுத்த வரிசைக்கு மறுபடி ஓட்ட வேண்டும். கடைசியில் மிஞ்சும் அட்டைகளின் எண்ணைப் பார்த்து, பதிவேட்டில் பெயரைத் தேடிக் கையால் எழுதிப் பட்டியல் போடுவது நான். பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையும் எந்திரத்தின் எண்ணி காட்டும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஒரு பெயர் கூடினாலும் குறைந்தாலும் போட மாட்டார்.

ஆபரேட்டர் சென்னையில் மூன்று வாரம் பயிற்சி எடுத்து வந்தவர். அந்த மூன்று வாரத்தை மூன்று வருஷம் பேசினார்.

1978 ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சன்னல் இருந்த இடத்தில் அடித்த பலகை வழியாக ஈரம் உள்ளே வந்தது. அட்டைகள் ஊதின. டிராயரில் இருந்து உருவும்போது எல்லோரும் இடது பக்கத்தைப் பிடித்துத்தான் உருவுவோம். ஈரமும் கை வியர்வையும் சேர்ந்து அந்த ஓரம் பிசிறடித்துவிட்டது. பழைய பதிவுக்காரர்களின் அட்டைகள்தான் ரொம்ப மோசம். வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவர்களின் அட்டைகளைத்தானே ஒவ்வொரு முறையும் முதலில் எடுப்போம்! பிசிறு மாட்டி எந்திரம் அட்டையைக் கடித்து நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. அந்த மாத டைரியில் தினமும் 'கடி' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. புது அட்டை கேட்டு எழுதினோம். அதற்கான கோரிக்கையைத் துளையிட்ட அட்டையில்தான் அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. துளையிடும் எந்திரம் எங்களிடம் இல்லை. அது சென்னையில் இருந்தது.

இந்த இடத்தில்தான் பாய் வருகிறார். எங்கள் அலுவலகத்தின் பியூன், ஆம்பூர்க்காரர். வயது நாற்பதுக்கு மேல். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். பன்னிரண்டு வருஷம் தோல் பதனிடும் டேனரியில் டிரிம்மிங் வேலை பார்த்தவர். அங்கே ஒவ்வொரு தோலையும் எந்திரத்துக்கு அனுப்புமுன் அதன் ஓரத்தில் தொங்கும் பிசிறுகளைக் கத்தியால் வெட்டி நேராக்குவார்கள். தூசு மார்பில் தங்கி இருமல் வந்ததால் அதை விட்டுவிட்டு அரசாங்கத்துக்கு வந்தார். கத்தியை மட்டும் விடவில்லை. மடக்குக் கத்தி, எப்போதும் பையில். பென்சில் சீவ, கட்டுக் கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க எல்லாம் அதுதான்.

எந்திரம் துப்பிய ஓர் அட்டையை எடுத்துப் பாய் விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? சுண்ணாம்புத் தொட்டில இருந்து எடுத்த தோல் மாதிரி பிசிறு பிசிறா இருக்கு."

"அதான் பாய், மெஷின் கடிக்குது."

"கடிக்காம இன்னா பண்ணும்? எங்க டேனரி ஷாப்ல ஓரம் எடுக்காத தோலை மெஷின் கண்ணுல காட்டவே மாட்டோம். பிசிறு மாட்டிச்சுன்னா தோலும் போச்சு, மெஷினும் பேஜார். அப்புறம் மேஸ்திரி பேசுறதைக் காது குடுத்துக் கேக்க முடியாது."

"இதுல ஓரம் எடுக்க முடியுமா?"

"முடியுமாவா? ஒரு நூல் அளவு எடுத்தாப் போதும்."

"ஜாஸ்தி எடுத்துடுவீங்களோன்னு பார்க்கிறேன்."

"ஜாஸ்தி எடுக்கிறவன் டிரிம்மர் இல்ல சார், கசாப்புக் கடைக்காரன்."

எடுங்கள் என்று சொன்னது நான். அதிகாரி சொல்லவில்லை, ஆபரேட்டர் சொல்லவில்லை. இதை எழுதுவதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

பாய் ஒரு துத்தநாகத் தகட்டை அளவாக வெட்டி எடுத்துவந்தார். அட்டையை அதன் மேல் வைத்து, கத்தியை ஒரே இழுப்பு. பிசிறு போய், ஓரம் புத்தம் புதுசாக வந்தது. எல்லா அட்டையிலும் ஒரே அளவு, மயிரிழை பிசகாது. கையால் செய்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். வெட்டி விழுந்த மெல்லிய துண்டுகளைக்கூட அவர் எறியவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். "ஷாப்ல ஓரத்துண்டை எறிஞ்சா அடிக்க வருவாங்க சார். அதையும் பசை காய்ச்ச எடுத்துட்டுப் போவாங்க." கார்த்திகை முடிவதற்குள் பிசிறடித்த அட்டைகள் எல்லாம் முடிந்தன. எந்திரம் கடிப்பதை நிறுத்தியது. டைரியில் மார்கழி முழுக்க 'கடி இல்லை' என்று எழுதியிருக்கிறேன், சந்தோஷமாக.

அதிகாரி இதைத் தம்முடைய ஏற்பாடு என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஒரு குழு நேரில் வந்து பார்க்கும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

1979 தை மாதம், ஒரு தாய்சேய் விடுதிக்குப் பெண் உதவியாளர்கள், அதாவது தாதிகள், கேட்டிருந்தார்கள். எந்திரத்தை ஓட்டினோம். ஒன்பது அட்டைகள் விழுந்தன. பதிவேட்டைத் திறந்து பெயர்களை எழுத உட்கார்ந்தேன். ஒன்பதும் ஆண் பெயர்கள். அதிகாரியிடம் போனேன்.

"எண்ணி என்ன காட்டுது?"

"ஒன்பது சார்."

"நீங்க எழுதியிருக்கிறது?"

"ஒன்பது. ஆனா பெயரைப் பார்த்தா ஆம்பளைங்க மாதிரி..."

"பெயரை வச்சு முடிவு பண்றதா இருந்தா கம்ப்யூட்டர் எதுக்கு?"

எழுதினேன். அழைப்பு அட்டைகள் போயின. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பேரும் வெறுங்காலோடு வந்து நின்றார்கள். எல்லோரும் ஒழுங்காகச் சான்றிதழ்களைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் வாணியம்பாடிக்காரர், மீசையை முறுக்கிவிட்டிருந்தார்.

"இது பிரசவம் பார்க்கிற இடத்துல வேலைங்க. உங்களுக்கு எப்படி..." என்று இழுத்தேன்.

"கார்டு நீங்கதானே சார் அனுப்புனீங்க?"

"ஆமா. ஆனா நீங்க ஆம்பளை."

"அது எனக்குத் தெரியும் சார். கவர்மென்ட்டுக்கும் தெரிஞ்சுதான் கூப்பிட்டிருக்கும்னு வந்தேன்."

பின்னால் நின்ற பள்ளிகொண்டாக்காரர் கழுத்தை நீட்டினார். "ட்ரெய்னிங் குடுப்பீங்களா சார்? குடுத்தா நான் ரெடி. ஆட்டுக்குப் பார்த்திருக்கேன்."

யாரும் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. அத்தனை வருஷம் காத்திருந்து ஒரு கார்டு வந்தால் அதில் எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும் சம்மதம். திருப்பி அனுப்பினோம். அதிகாரி சொல்லச் சொல்ல நான் எழுதிய அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது: 'அழைக்கப்பட்ட ஒன்பது பெண்களும் ஆண்களாக இருந்தபடியால் பணி ஏற்க முன்வரவில்லை.'

ஆபரேட்டர் எந்திரத்துக்குள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். ஆண் பெண் பிரிக்கும்போது மூன்றாம் பெட்டியிலும் நான்காம் பெட்டியிலும்கூட அட்டைகள் விழத்தான் செய்தன. அவற்றைப் பார்க்கச் சொல்லி யாருக்கும் உத்தரவில்லை. "பழைய மெஷின் சார், கொஞ்சம் அப்படித்தான்" என்று சொல்லி, அவர் அவற்றை அள்ளி டிராயரில் திரும்பப் போட்டுவிடுவார்.

அந்த வருஷம் ஆவணியில் தலைமை அலுவலகமே ஆறு பெண் தட்டச்சர்கள் கேட்டது. பட்டியல் வெள்ளிக்கிழமை போக வேண்டும். பட்டியல் போகும் நாளில் முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது. பதினெட்டு அட்டைகள் விழுந்தன; பதினெட்டுப் பெயர் எழுதினேன். அவர்களுக்கு முன்னறிவிப்புக் கார்டும் போயிற்று.

புதன்கிழமை குடியாத்தத்தில் இருந்து ஒரு பெண் வந்தார். அவரை எனக்கு முகம் தெரியும். லுங்கி நெய்கிற குடும்பம். 1970-இல் பதிவு செய்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு மேல்நிலை தேறியவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போவார். வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், எங்க தெருவுல ரெண்டு பேருக்கு டைப்பிஸ்ட் கார்டு வந்திருக்கு. ரெண்டு பேரும் எனக்கு அஞ்சு வருஷம் பின்னாடி பதிஞ்சவங்க. எனக்கு ஏன் வரல?"

பதிவேட்டைப் புரட்டினேன். இருந்தார், முதல் பக்கங்களிலேயே. பிறந்த தேதியைப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முப்பது முடிகிறது. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் இனி எந்தப் பட்டியலிலும் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. நான் பக்கத்தில் இருந்து தலையைத் தூக்குவதற்குள், "ஞாயித்துக்கிழமை சார்" என்றார்.

அதிகாரியிடம் அழைத்துப்போனேன். பதிவேட்டைக் காட்டினேன்.

"மெஷின்ல வரலியே" என்றார் அவர்.

"பதிவேட்டில இருக்காங்க சார். கையால ஒரு பெயர் சேர்த்தா..."

"எண்ணி பதினெட்டு காட்டுது. பத்தொன்பது பேர் எழுதினா நாளைக்கு ஆடிட்ல யார் பதில் சொல்றது? மெஷின்ல இல்லேன்னா இல்லைதாம்மா."

"நான் நேர்ல நிக்கிறேனே சார்" என்றார் அந்தப் பெண்.

"நிக்கிறீங்க. யார் இல்லேன்னா? தகுதி உள்ளவங்க வரிசையில நிக்கலைங்கிறேன்."

வெளியே வந்ததும் அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. "எங்க வீட்டுத் தறியில ஒரு இழை அறுந்தா அந்த இடத்துலயே நிறுத்தி முடிச்சு போட்டுட்டுத்தான் அப்புறம் ஓட்டுவோம். நீங்க அறுந்ததோடவே ஓட்டுறீங்க" என்றார். பிறகு, "என் அட்டையைக் காட்டுங்க" என்றார்.

விதிப்படி காட்டக் கூடாது. எடுத்து வந்தேன். அவர் அதை வாங்கி, சன்னல் பலகைக்குப் பக்கத்தில், இடுக்கில் வெளிச்சம் வரும் இடத்தில் தூக்கிப் பிடித்தார். துளைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது எங்க சித்தப்பா தறியில தொங்குற அட்டை மாதிரியே இருக்கே!"

அவருடைய சித்தப்பா பட்டுக்கரை போட்ட சேலை நெய்கிறவராம். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்தத் துளை எங்கே இருக்கிறதோ அதன்படி இழை எழும்பிக் கரையில் மாங்காய் வடிவம் விழும். எங்கள் எந்திரங்களின் மூதாதை அந்தத் தறி அட்டைதான் என்று நான் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குப் பின்னாடி பதிஞ்சவங்க அட்டை ஒண்ணு குடுங்க" என்றார். தந்தேன். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து இடது ஓரத்தைச் சேர்த்துப் பிடித்தார். இருவரும் பெண், ஒரே படிப்பு, ஒரே தொழில். துளைகள் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. அவருடைய அட்டையை ஒரு துளை வரிசை அளவு வலப்பக்கம் நகர்த்தினார். எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் திறந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"ஒரு கண்ணி தள்ளியிருக்கு சார். இப்படித் தள்ளினா எங்க வீட்ல மாங்காய் வராது, மூக்கு உடைஞ்ச கிளிதான் வரும். யாரோ ஓரத்தை வெட்டியிருக்காங்க."

தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த பாய் பக்கத்தில் வந்தார். அட்டையை வாங்கி ஓரத்தைத் தடவினார். தடவியவுடன் தன் வேலை அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு நூல்தான் சார் எடுத்தேன்" என்றார். "தோலுக்கு நடுவுலதான் சார் சரக்கு. ஓரம் கழிவு."

அட்டைக்கு ஓரம்தான் எல்லாம். எந்திரம் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் எந்த வரிசை எங்கே என்று தீர்மானிக்கிறது. ஓரம் ஒரு நூல், அதாவது ஒரு வரிசை அளவு குறைந்ததும், ஆணா பெண்ணா என்று பார்க்கிற இடத்தில் படிப்பைப் பார்த்தது. எட்டாம் வகுப்புப் படித்த ஆண்கள் எல்லாம் பெண்களானார்கள். தொழிலைப் பார்க்கிற இடத்தில், வெளியூர் போகச் சம்மதமா என்பதைப் பார்த்தது. சம்மதத்துக்கும் தாதிக்கும் ஒரே எண் என்பதால் சம்மதித்தவர்கள் எல்லாம் தாதிகளானார்கள். பத்து தேறிய இந்தப் பெண் மூன்றாம் பெட்டியில் விழுந்து, ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் டிராயருக்குத் திரும்பினார். பாய் கை நடுங்குகிற ஆளாக இருந்திருந்தால் அட்டைக்கு ஒரு விதமாக வெட்டியிருப்பார். எந்திரம் கன்னாபின்னாவென்று துப்பி முதல் நாளே எங்களுக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு சுத்தமாக வெட்டியதால் தப்பும் சுத்தமாக வந்தது.

அதிகாரியிடம் திரும்பப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் பார்க்க வர்றாங்க. இப்போ போய் ஓரத்தை வெட்டினது தப்புன்னு எழுதச் சொல்றீங்களா? புது அட்டை கேட்டு எழுதுங்க. மூணு மாசத்துல வரும்."

"ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு..."

"மெஷின் எடுத்துக் குடுத்தா கையெழுத்துப் போடுறேன். நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்?"

இதைப் பாய்க்கும் அந்தப் பெண்ணுக்கும் வந்து சொன்னேன். பாய் அலமாரிக்கு மேலே இருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினார்.

"தங்கச்சி, நாளைக்குக் காலைல வா. வெட்டினதை ஒட்டிக் குடுக்கிறேன்."

"ஒட்டினா தடிச்சுப் போகுமே பாய். மெஷின் கடிக்கும்" என்றேன்.

"தடிக்காம ஒட்டலாம் சார். எங்க வீட்ல ஷூவுக்கு மேல்தோல், அப்பர், தைக்கிறாங்க. ரெண்டு தோலைச் சேர்க்கிற இடத்துல ரெண்டையும் பாதிப் பாதி சீவிட்டுத்தான் ஒட்டுவோம். கை வச்சுப் பார்த்தா ஒட்டு தெரியாது."

வியாழக்கிழமை அவர் முதல் பஸ்ஸிலேயே ஆம்பூரில் இருந்து பசையும் ஒரு மெல்லிய கல்லும் கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண்ணும் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். பாய் அட்டையின் ஓரத்தைக் கல்லின் மேல் வைத்து, கத்தியைச் சாய்த்துப் பாதிக் கனம் சீவினார். டப்பாவில் இருந்து ஒரு துண்டை எடுத்து அதையும் பாதி சீவினார். பசை தடவி ஒட்டி, பெரிய பதிவேட்டை மேலே வைத்து, அதன் மேல் தானும் உட்கார்ந்துவிட்டார். அரசாங்கப் பதிவேட்டின் மேல் உட்காரக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் தடவை எந்திரம் கடித்தது. துண்டு பாதி பெயர்ந்து தொங்கியது. ஆபரேட்டர் தலையில் கை வைத்தார். "வேண்டாம் பாய், மெஷின் போய்ட்டா என் வேலையும் போய்டும்."

"உன் வேலை போகாது. மெஷின் எப்பவோ போய்ட்டுச்சு, உனக்கு யாரும் சொல்லல" என்றார் பாய். மறுபடி சீவினார், இன்னும் மெல்லிசாக. ஒரு மணி நேரம் பதிவேட்டின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் சன்னல் பலகையைப் பார்த்தபடி, மடியில் விரல்களால் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மறுபடி ஓட்டினோம். அட்டைகள் சடசடத்து ஓடின. இரண்டாம் பெட்டிக்குள் கையை விட்டு ஆபரேட்டர் அவருடைய அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்.

"பொண்ணு சார்! பொண்ணு!"

அடுத்த அறையில் இருந்தவர்கள் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். மற்ற வரிசைகளுக்கும் ஓட்டி முடித்தபோது எண்ணி பத்தொன்பது காட்டியது. நான் பத்தொன்பது பெயர் எழுதினேன், அவர் பெயரை முதலாவதாக. அதிகாரி எண்ணியைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஒட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்தப் பெண் வாசலில் குவிந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு திரும்பி, "என் அட்டை மட்டும்தானா சார் இப்படி?" என்றார்.

பாய் டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு துண்டுக்கு ஓர் ஆள்.

கார்த்திகையில் அவருக்கு ஆணை வந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்திலேயே தட்டச்சர். சொல்லிவிட்டுப் போக வந்தபோது வீட்டில் நெய்த லுங்கிகள் இரண்டு கொண்டுவந்தார். நான் அரசு ஊழியன் என்று சொல்லி மறுத்தேன். பாயும் அரசு ஊழியர்தான், இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

நானும் பாயும் தினம் நான்கைந்து அட்டைகளாக ஒட்டி வந்தோம், சத்தம் போடாமல். முறை வருவதற்குள் சிலருக்கு வயது முடிந்துபோயிற்று. ஒவ்வொருவருக்கும் எந்தக் கிழமை முடிந்தது என்று டைரியில் எழுதி வைத்தேன். அது ஒரு பிரயோஜனமும் இல்லாத வேலை. எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

இதற்கிடையில் சென்னைக் குழு வந்து, எந்திரம் கடிக்காமல் ஓடுவதைப் பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போயிற்று. 1980 மாசியில் ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பிரிவு அலுவலகங்களும் பிசிறடித்த அட்டைகளின் இடது ஓரத்தை உடனே வெட்டி நேராக்க வேண்டும். அந்த முறைக்கு எங்கள் அலுவலகத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். அதிகாரிக்குப் பதவி உயர்வோடு மாறுதலும் வந்தது.

பாய்க்குச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன்.

"எல்லா ஊர்லயுமா சார்?"

"எல்லா ஊர்லயும்."

"அங்கல்லாம் ஒட்டுறதுக்கு ஆள் இருக்கா?"

அன்று மத்தியானமே கடிதம் எழுதினேன். வெட்டியது, வெட்டச் சொன்னது யார், அதனால் வந்த தாதிகள், மூன்றாம் பெட்டி, வயது முடிந்தவர்களின் பெயர்கள், கிழமைகள் எல்லாம். ஏழு பக்கம். புதிதாக வந்த அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதற்கு நான் இன்றும் நன்றி உள்ளவன்.

வைகாசியில் ஒரே தபாலில் இரண்டு உறைகள் வந்தன. முதலாவது எனக்கு: அரசாங்கச் சொத்தான அட்டைகளைச் சேதப்படுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். இரண்டாவது, பழைய சுற்றறிக்கையை ரத்து செய்யும் புதிய சுற்றறிக்கை. எந்த அட்டையின் இடது ஓரத்திலும் யாரும் கை வைக்கக் கூடாது. வெட்டிய காலத்தில் வயது முடிந்தவர்களின் பெயர்களை வயதுத் தளர்வுக்காக உடனே அனுப்ப வேண்டும்.

கீழே மூலையில், தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள் இருந்தன. அந்த எழுத்துகளை நான் அந்தப் பத்தொன்பது பேர் பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்கிறேன். வயதுத் தளர்வு பற்றிய இரண்டாவது வாக்கியம் அந்த அலுவலகத்தில் யாருடைய மண்டையில் உதித்தது என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

டைரியைத் திறந்து, கிழமைகளோடு பெயர்களை ஒரு வெள்ளைத்தாளில் எடுத்து எழுத உட்கார்ந்தேன். பாய் சுற்றறிக்கையைத் தகவல் பலகையில் குத்துவதற்காக வாங்கினார். எங்கோ கசங்கி அதன் இடது ஓரம் பிசிறடித்திருந்தது. அவர் கை பையில் இருந்த கத்திக்குப் போயிற்று. எடுத்துப் பிரித்தார். என்னைப் பார்த்தார். பிறகு மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிசிறோடேயே குத்தினார்.